பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரச் சாலைகள்: நிதியும் பராமரிப்பும்

தருமபுரி மாவட்டத்தில் சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள பாப்பிரெட்டிப்பட்டி, வட்டத் தலைமையிடம், ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி என மூன்று முகம் கொண்ட ஊர். தனி நிதிநிலை அறிக்கை வைத்து உள்ளூர்ச் சாலைகளைக் கவனிக்கும் ஒரே துறை இங்கில்லை. பள்ளத்தை யார் மூடுவது என்பது அந்தச் சாலை யார் பதிவேட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சேலத்திலிருந்து மஞ்சவாடி கணவாய் வழியாக அரூர் செல்லும் சாலை நெடுங்காலம் மாநில நெடுஞ்சாலையாக இருந்தது. இன்று தேசிய நெடுஞ்சாலை 179ஏ. மாவட்ட முக்கியச் சாலைகளும் மாவட்ட இதரச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. இவற்றுக்குக் கீழே உள்ளவற்றை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிரித்துத் தருகிறது: 110-ஆம் பிரிவின்படி ஊர்ச் சாலைகள் கிராம ஊராட்சிக்கு, 112-ஆம் பிரிவின்படி ஒன்றியச் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்துக்கு. பேரூராட்சித் தெருக்கள் செயல் அலுவலரின் பொறுப்பு.

இந்தப் பிரிவினைக்கு வயது அதிகம். 1871-ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சி நிதிச் சட்டம் சாலைகளுக்காக நிலத்தின் மீது செஸ் விதித்தது. 1884-க்குப் பின் சாலை வேலை ஜில்லா போர்டுகளுக்குப் போனது. தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தில் இருந்ததால், இப்பகுதியைக் கவனித்தது சேலம் ஜில்லா போர்டு. 1946-இல் நெடுஞ்சாலைத் துறை தனித்துறையானது. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தையொட்டிப் போர்டுகள் மறைந்து ஒன்றியங்கள் வந்தன. பழைய செஸ் மட்டும் தலவரி என்ற பெயரில் இன்றும் உண்டு. நிலவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய். நிலவரியே சொற்பம் என்பதால், அந்தப் பணத்தில் ஒரு லோடு ஜல்லி இறக்குவதற்குள் ஆண்டு முடிந்துவிடும்.

எனவே உள்ளாட்சிகள் மேலிருந்து வரும் பணத்தையே நம்பியுள்ளன. ஐந்தாம் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்பட்டது. மின்கட்டணம், சம்பளம், குடிநீர் போக மிஞ்சுவது சாலைக்கு. 2021-26 காலத்துக்கான 15-ஆவது மத்திய நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மீதி 40-இல்தான் சாலை போட்டியிட முடிந்தது.

பெரிய வேலைகள் திட்டங்களில் வருகின்றன. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும். சிக்கல் ஆறாம் ஆண்டில் தொடங்குகிறது: தார் வெளுத்து ஓரம் கரையும் வேளையில் சாலை உள்ளாட்சியின் கைக்கு வருகிறது. மாநில அரசின் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் 10,000 கிலோமீட்டருக்கு ரூ.4,000 கோடி என்று அறிவிக்கப்பட்டது. புதுச் சாலைக்குத் திறப்பு விழா உண்டு. மதகு அடைப்பு எடுப்பதற்கு இல்லை. பராமரிப்பு நெடுஞ்சாலைத் துறைக்குப் போகட்டும் என்றுதான், தங்கள் சாலையை மாவட்ட இதரச் சாலையாகத் தரம் உயர்த்தக் கோரி ஊர்கள் மனு எழுதுகின்றன.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் சிறு வேலை. குழியின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, தூசியைக் கூட்டி, தார் தெளித்து, கலவையைக் கொட்டி, ரோலர் ஓட்டினால் ஒட்டு நிற்கும். தூசியோடு கொட்டினால் அடுத்த மழையில் பெயர்ந்துவிடும். முள் வெட்டவும் ஓரத்துக்கு மண் அணைக்கவும் வடிகால் திறக்கவும் நெடுஞ்சாலைத் துறை 1997-இல் ஏறத்தாழ 10,000 சாலைப்பணியாளர்களை எடுத்தது. 2002 செப்டம்பரில் அவர்கள் நீக்கப்பட்டு 2006-இல் மீண்டும் சேர்க்கப்பட்டனர். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாக்கக் கோரிப் பல ஆண்டுகள் போராடினர்.

மலைப்பாதைகளின் கதை வேறு. சேர்வராயன், சித்தேரி மலைகளில் பணம் ஒதுக்கப்பட்டாலும் நிலம் வனத்துறையுடையது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு வழி வைத்துள்ளது: கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் சாலை அமைக்கலாம். அதைவிடப் பெரிய பரப்பு வேண்டுமென்றால், 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற வேண்டும்.