'பெரியாறு அணை 142 அடி!!!' - இந்த மெசேஜ் உங்க போனுக்கு வந்தா நம்பலாமா? தேனிக்கு செய்தி வரும் வழி எப்படி மாறியது?

மழைக்காலம் வந்தாலே தேனி மாவட்ட வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மெசேஜ் சுற்ற ஆரம்பிச்சிடும். 'பெரியாறு அணை 142 அடியைத் தொட்டது, கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் உஷார்!!!' சிவப்பு எழுத்து, மூணு ஆச்சரியக்குறி எல்லாம் இருக்கும். தேதி மட்டும் இருக்காது.

கூடலூரில் இருந்து வீரபாண்டி வரை ஆத்தோரம் குடியிருப்பவர்கள் இதைப் பார்த்ததும் என்ன செய்யணும்?

முதலில், தண்ணீர் போகும் பாதை

முல்லைப் பெரியாறு அணை இருப்பது கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில். அணை நிரம்பி ஷட்டரைத் திறந்தால் உபரி நீர் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி அணைக்குத்தான் போகும். தமிழகத்துக்கு வருவது வேறு வழி. தேக்கடியில் இருந்து சுரங்கப்பாதை, இரைச்சல்பாலம், லோயர்கேம்ப், அப்புறம் முல்லைப் பெரியாற்றில் ஓடி வைகை அணை. இந்த நீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடக்குது.

ஆக, '142' என்பது பள்ளத்தாக்கு விவசாயிக்கு சந்தோஷமான நம்பர். அதை வெள்ள எச்சரிக்கையாக மாற்றி அனுப்புவதுதான் பிரச்சனை. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவு இது. அதுவும் எல்லா மாதமும் 142 வரை தேக்க முடியாது. சில மாதங்களுக்கு வரம்பு குறைவு.

அப்போ தேனிக்கு வெள்ளமே வராதா? வரும். சுருளியாறு, கொட்டக்குடி ஆறு, வராகநதி என மாவட்டத்துக்குள்ளேயே மலையில் இருந்து இறங்கும் ஆறுகள் கனமழையில் சட்டென்று பெருகும். ஃபார்வர்டு மெசேஜ்களில் இவற்றின் பேரே இருக்காது.

வைகை அணைக்குத் தனிக் கணக்கு. மொத்த உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. இது தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டக் கரையோர மக்களுக்கானது.

முன்னாடி எப்படி தெரிஞ்சது?

காலைப் பேப்பரில் உள்பக்கம் ஒரு சின்னக் கட்டம்: அணை நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். நம்பர் முந்தைய நாளுடையதுதான், ஆனா மேலே தேதி இருக்கும். ரேடியோவில் கோடை எஃப்.எம். 100.5. அவசரம்னா ஊருக்குள் தண்டோரா. தண்டோரா போடும் முறை இனி தேவையில்லை, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று 2022 ஆகஸ்ட்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்ததும் எல்லாம் போனுக்கு மாறிடுச்சு. எங்க டெஸ்க்கில் இன்று ஒரே நீர்மட்டச் செய்தி கட்டுரையாக, செங்குத்து வீடியோவாக, நோட்டிஃபிகேஷனாக, வாட்ஸ்அப் சேனல் கார்டாக நாலு முறை போகும். இதில் கார்டுதான் ஆபத்து. யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஓரத்தை வெட்டினால் தேதி போயிடும். நம்பர் மட்டும் அடுத்த மழைக்கும் சுற்றும். அதனால்தான் தேதியையும் நேரத்தையும் நம்பருக்கு ஒட்டியே போடுறோம். டிசைனருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

2018-ல் குழந்தை கடத்தல் வதந்தியால் தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 முதல், பல முறை கைமாறி வந்த மெசேஜை ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது அந்த வகை.

போன் திடீர்னு அலறினா?

அது செல் பிராட்காஸ்ட். 2023-ல் நாடு முழுக்க சோதித்துப் பார்த்தாங்களே, அதேதான். எஸ்.எம்.எஸ். ஒவ்வொரு நம்பராகப் போகும். இது குறிப்பிட்ட டவர்களில் இணைந்திருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் போகும். இன்டர்நெட் வேண்டாம். ஃபார்வர்டும் செய்ய முடியாது. கூடலூர், குமுளி பக்கம் ஒரு விஷயம் கவனிக்கணும்: போன் கேரள டவரைப் பிடிச்சிருந்தால் அந்தப் பக்கத்து அலர்ட் உங்களுக்கும் வரலாம். எந்த ஊருக்கு என்று படிச்சுப் பாருங்க.

ஏலக்காய் விலையிலும் இதே கதை

போடிநாயக்கனூரிலும் இடுக்கியின் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு இ-ஏலம் நடக்கும் நாட்களில் விலை உடனே போனுக்கு வந்துடும். 2019 ஆகஸ்ட்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதாக வந்த செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். அது உச்ச விலை, நல்ல தரமான ஒரு லாட்டுக்குக் கிடைத்தது. சராசரி அதைவிட ரொம்பக் கீழே. தலைப்பில் வருவது எப்போதும் உச்ச விலைதான் (நாங்களும் அப்படித்தான் போடுறோம்). ஸ்பைசஸ் போர்டு இணையதளத்தில் ஏல தேதி, வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். காய் விற்கப் போறவங்க பார்க்க வேண்டியது கடைசிக் கட்டம்.