காடம்பாறை நீரேற்று மின்நிலையம்

மின்சாரத்தை மூட்டைகட்டிச் சேமித்து வைக்க முடியாது; ஆனால் தண்ணீரை மேட்டில் ஏற்றி வைக்கலாம். சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் 1909இலேயே இந்த முறை செயலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு வாய்த்த இடம் ஆனைமலை.

1932இல் பைக்காராவில் தொடங்கிய அரசுப் புனல்மின் உற்பத்தி, மழையையும் அருவியையும் நம்பியிருந்தது. பின்னர் அனல்மின் நிலையங்கள் பெருகின. அவற்றை இரவில் அணைத்துக் காலையில் மூட்டுவது எளிதல்ல. செய்யாறு, ஆரணி போன்ற சமவெளி ஊர்களில் மாலை விளக்குகள் எரியத் தொடங்கும்போதோ தேவை சட்டென்று ஏறும். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யவே கோவை மாவட்டத்தில் காடம்பாறைத் திட்டம் எழுந்தது.

மேலே காடம்பாறை நீர்த்தேக்கம், கீழே மேல் ஆழியாறு, இடையே மலையைக் குடைந்து அமைத்த நிலத்தடி மின்நிலையம். தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் 1987 முதல் 1989க்குள் இயங்கத் தொடங்கின. தேவை மிகும்போது அவை நீரை இறக்கி மின்சாரம் தருகின்றன; உபரி இருக்கும்போது எதிர்த்திசையில் சுழன்று நீரை மேலேற்றுகின்றன. ஏற்றச் செலவாகும் மின்சாரம் முழுதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஆனாலும் தட்டுப்பாட்டு நேரத்தில் கிடைப்பதற்கு மதிப்பு அதிகம்.

காற்றாலைகளும் சூரிய மின்சாரமும் பெருகிய பின் காடம்பாறையின் அருமை கூடியது. இருந்தும் அடுத்த நீரேற்றுத் திட்டமான 500 மெகாவாட் குந்தாவுக்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது பெரிய இழப்பு.