பாடப்படாத பாட்டு: மறைந்தோர் குரலும் வெளிவராத ஒலிப்பதிவுகளும்

2024ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள், பெங்களூரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் இயக்குநர் வெங்கட் பிரபுவும் ஒரு திரைப்படத்திற்கான மெட்டை அமைத்துக்கொண்டிருந்தனர். மெட்டு உருப்பெற்றதும் அதைத் தம் தமக்கை பவதாரிணியே பாட வேண்டும் என்று யுவனுக்குத் தோன்றியது. நோயுற்றிருந்த அவர் நலம் பெற்று வந்தபின் பதிவு செய்துகொள்ளலாம் எனக் கருதினர். ஒரு மணி நேரத்தில் அவர் இறந்த செய்தி வந்தது. சிகிச்சைக்காகச் சென்றிருந்த இலங்கையில் பவதாரிணி காலமாகியிருந்தார். இச்செய்தியை யுவனே பின்னர் ஒரு குறிப்பில் தெரிவித்துள்ளார். 'பாரதி' திரைப்படப் பாடலுக்காக 2000ஆம் ஆண்டிற்கான தேசிய விருதைப் பெற்ற பாடகி அவர். அதே ஆண்டு சூன் 22இல் 'சின்னச் சின்னக் கண்கள்' என்னும் அப்பாடல் வெளிவந்தபோது அதில் பவதாரிணியின் குரல் ஒலித்தது. அவர் பாடாத பாட்டு அது. மற்றொரு பாடகி பாடியதைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் பவதாரிணியின் குரலாக மாற்றியிருந்தனர்.

மறைந்த கலைஞரின் வெளிவராத பதிவு எங்கோ ஒரு பெட்டியில் உறங்குகிறது, அது ஒரு நாள் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இசைச் சுவைஞரிடையே புதியதன்று. தட்டு, நாடா, கணினி என மூன்று கருவிகளின் காலத்தில் அவ்வெதிர்பார்ப்பு எவ்வாறு உருமாறியது என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. இதற்குத் தமிழ் ஆய்வாளர் அயலார் வகுத்த கோட்பாடு எதனையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. சுவடிப்பதிப்பு வரலாறே போதிய அளவுகோலைத் தருகிறது.

பரிபாடலை எண்ணிப் பார்க்கலாம். எழுபது பாடல்களில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. 1918இல் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தபோது, கிடைத்த பாடல்கள் பலவற்றின் இறுதியில் பாடிய புலவர் பெயரும், இசை வகுத்தோர் பெயரும், பண்ணின் பெயரும் தனித்தனியே இடம்பெற்றிருந்தன. இசை மட்டும் இல்லை. சொல் எஞ்சி ஒலி மறைந்த நூல் அது. அடியார்க்குநல்லார் உரையில் பெயரளவில் வாழும் இசைநூல், நாடகநூல்களும் பல. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' எனத் தனி நூலே எழுத நேர்ந்தது. இழந்ததன்பால் கொள்ளும் ஈர்ப்பு இரசிகரின் பித்து மட்டுமன்று. நம் துறையின் அடித்தளங்களுள் ஒன்றும் அதுவே.

தட்டின் காலம்

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து 1933 திசம்பர் 2இல் மறைந்தார். தமிழில் பேசும்படம் 1931இலேயே வந்துவிட்டபோதும் அவர் எப்படத்திலும் நடிக்கவில்லை. எனவே அவர் புகழ் முழுவதும் நாடக மேடையையும் இசைத்தட்டையும் சார்ந்தது. மேடையில் ஓர் இராகத்தை அவர் விரித்துப் பாடியது நேரில் கேட்டோரின் நினைவில் மட்டும் தங்கியது. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது மூன்றரை நிமிடமே அடங்கும். இசைத்தட்டில் நாம் கேட்கும் கிட்டப்பா, அந்த மூன்று நிமிடத்திற்குள் தம்மைச் சுருக்கிக்கொண்ட கிட்டப்பா ஆவார். அவர் மறைவுக்குப்பின் மேடையை விட்டு விலகிய கே. பி. சுந்தராம்பாள் 1935இல் 'நந்தனார்' படத்தில் நடிக்க ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வளவு பெருந்தொகைக்கு, அக்குரலில் மக்கள் கிட்டப்பாவின் எதிரொலியையும் சேர்த்துக் கேட்டனர் என்பதும் ஒரு காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு.

இசைத்தட்டு ஆய்வில் சுவடியியலாருக்குப் பழக்கமான ஒரு நுட்பம் உண்டு. பதிவின்போது மூலத்தட்டு ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இடப்பட்டது. வெளிவந்த தட்டுகளின் எண்களை வரிசைப்படுத்தினால் இடையிடையே விடுபாடுகள் தெரியும். பதிவு செய்யப்பட்டும் வெளியிடப்படாதவற்றை அறிய அவ்விடுபாடுகள் துணைபுரிகின்றன. ஏட்டெண்ணைக் கொண்டு எத்தனை ஏடுகள் உதிர்ந்தன எனக் கணிப்பதற்கு இது நிகரானது. கிராமபோன் கம்பெனியின் தொடக்ககால இந்தியப் பதிவுகளுக்கு மைக்கேல் கின்னியர் 1994இல் வெளியிட்ட விரிவான பட்டியல் இத்தகைய உழைப்பின் பயன். இன்மைக்கும் எண் உண்டு என்பதே தட்டுக் காலத்தின் சிறப்பு.

நாடாவின் காலம்: மாலி

பெங்களூரை முன்னிறுத்திப் பேசும்போது புல்லாங்குழல் மேதை டி. ஆர். மகாலிங்கத்தை விட்டுவிட இயலாது. மாலி என அழைக்கப்பட்ட அவர் 1926இல் திருவிடைமருதூரில் பிறந்தார். ஏழாம் வயதில், 1933இல் மயிலாப்பூர்த் தியாகராசர் விழாவில் அரங்கேறினார். வாழ்நாளில் பல ஆண்டுகளைப் பெங்களூரில் கழித்து 1986 மே 31இல் மறைந்தார். வாய்ப்பாட்டின் கமகங்களை அப்படியே குழலில் எழுப்பும் ஊதுமுறையும் விரல்முறையும் அவரால் நிலைபெற்றன. கச்சேரிக்கு வராமலிருப்பதும், காலந்தாழ்த்தி வருவதும், நடுவிலேயே எழுந்து செல்வதும் அவர் இயல்புகளாகச் சொல்லப்பட்டன. அரங்கில் அவரைக் கேட்பது நிச்சயமற்றதாக இருந்தமையால் கேட்டதைப் பிடித்து வைக்கும் ஆவலும் மிகுந்தது. காந்த நாடா இதற்கு வழிவகுத்தது.

தட்டின் காலத்தில் பதிவு செய்யும் ஆற்றல் நிறுவனத்திடம் இருந்தது. நாடா அதனைச் சுவைஞர் கைக்கு மாற்றியது. சபாக்களில் மட்டுமன்றி வீட்டுக் கூடங்களில் நிகழ்ந்த வாசிப்பும் சுருள் நாடாவிலும், பின்னர்க் கேசட்டிலும் பதிவாயிற்று. கடையில் விற்கப்படாத இப்பதிவுகள் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்கு இரவலாகச் சென்று படியெடுக்கப்பட்டன. கேட்டோரிடையே வெளியீடுகளைவிட இவையே உயர்வாக மதிக்கப்பட்டன. காரணம் எளிது. இவற்றில் காலவரையறை இல்லை. குழலைச் சுருதி சேர்ப்பதும், இடையே பேசுவதும், ஒரு பிடியைத் தேடித் தவறிப் பின் கண்டடைவதும் அப்படியே உள்ளன. வெளியீட்டில் முடிந்த கலையைக் கேட்கிறோம். நாடாவில் கலை நிகழ்வதைக் கேட்கிறோம்.

படியெடுத்தலின் சிக்கல்கள் இங்கும் உண்டு. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடுகிறது. கருவி சற்றே விரைந்து ஓடினால் சுருதி உயர்ந்து காலப்பிரமாணமும் துரிதமாகிவிடும். அதனைக் கேட்டு, இக்கலைஞர் அந்நாளில் இவ்வளவு விரைவாக வாசித்தார் என ஒருவர் முடிவு செய்தால், ஏடெழுதியவரின் பிழையை ஆசிரியர் பாடமாகக் கொண்ட பதிப்பாசிரியரின் நிலையே அவருக்கும் வாய்க்கும். நாடாப் பெட்டியின் மேல் எழுதப்பட்ட நாளும் இடமும் சரியா என்பதை நாம் ஐயுற்றே அணுக வேண்டும்.

இப்பதிவுகள் யாருக்கு உரியவை? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவிற்கான உரிமைக்காலம் அது வெளியிடப்பட்ட ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வெளியிடப்படாத பதிவிற்கு அக்கணக்கு தொடங்குவதே இல்லை. நிகழ்த்துகலைஞருக்கெனத் தனியுரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது. மாலி அதற்கு எட்டாண்டுகள் முன்பே மறைந்துவிட்டார். ஆக, பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவரையே உரியவராகக் காணும் சட்டத்தில், வாசித்தவரின் விருப்பத்திற்குத் தெளிவான இடம் அன்று இல்லை. வெளியிடலாமா என்ற வினாவில் என் கருத்து வெளியீட்டின் பக்கமே சாய்கிறது. ஆயினும் தவறிய இடங்களை வெட்டி மெருகேற்றி வெளியிடுவதை ஏற்க இயலவில்லை. சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டிய சாமிநாதையர் அங்கே தாமே ஒரு தொடரை எழுதிச் சேர்க்கவில்லை.

இடைச்செருகலின் காலம்

எஸ். பி. பாலசுப்பிரமணியம் 2020 செப்டம்பர் 25இல் மறைந்தார். அவர் முன்னரே பாடிய 'அண்ணாத்த' படப் பாடல் 2021இல் வெளிவந்தது. இது காலந்தாழ்ந்த வெளியீடு மட்டுமே; பாடியவர் அவரே. 2024 தொடக்கத்தில் நிகழ்ந்தவை வேறு வகையின. 'லால் சலாம்' படத்தின் ஒரு பாடலில், 1997இல் மறைந்த சாகுல் ஹமீதின் குரலும் 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டன. குடும்பத்தாரின் இசைவு பெற்று அவர்களுக்கு உரிய ஊதியமும் வழங்கப்பட்டதாக ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 'கீடா கோலா' என்னும் தெலுங்குப் படத்தில் தம் தந்தையின் குரல் இசைவின்றி உருவாக்கப்பட்டதாக எஸ். பி. சரண் வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பினார். 2024 சூலையில் பாடகர் அரிசித் சிங்கின் குரலைப் போலியாக உருவாக்குவதற்கு மும்பை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் அவர் வாழும் கலைஞர். இறந்தவரின் தனியுரிமை மரபுரிமையாகத் தொடராது என்னும் போக்கிலேயே நம் நீதிமன்றத் தீர்ப்புகள் சில அமைந்துள்ளன.

பவதாரிணியின் பாடல் இவற்றுள் மிக மென்மையான நிகழ்வு. தமக்கையை இழந்த தம்பியின் துயரத்தை யாரும் குறை கூற முடியாது. அவர் உயிரோடு இருந்திருந்தால் இப்பாடலைப் பாடியிருப்பார் என்பதிலும் ஐயமில்லை. இருப்பினும் வரலாறு எழுதுவோன் 'பாடியிருப்பார்' என்பதைப் 'பாடினார்' என எழுத இயலாது. தட்டின் காலத்துச் சுவைஞர் கிடைக்காததைத் தேடினர். நாடாவின் காலத்தவர் மறைவாகக் கிடைத்ததைப் போற்றினர். இன்று வெளிவராத பதிவு என்ற சொல்லுக்கே எல்லை இல்லாமற் போய்விட்டது. வேண்டும் குரலில் வேண்டும் பாட்டை ஆக்கி, இது பழைய நாடாவில் கிடைத்தது என ஒருவர் நாளை கூறினால், காதால் மட்டும் அதனை மறுப்பது அரிது. இடைச்செருகலைக் கண்டறிய நம் முன்னோர்க்கு யாப்பும் சொல்வழக்கும் உதவின. இங்கே செருகப்படுவது அதே யாப்பிலும் அதே சொல்வழக்கிலும் அமைகிறது.

தொடக்ககாலத் தட்டுகளில் பாடி முடித்ததும் கலைஞர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. தொலைதூரத்தில் செருமனியில் தட்டை அச்சிட்டோர் பெயரைச் சரியாகக் குறித்துக்கொள்ள அது உதவிற்று. கல்கத்தாவில் 1902இல் பதிவு தந்து 1930இல் மைசூரில் மறைந்த கௌகர் ஜானின் தட்டுகளில் அதனை இன்றும் கேட்கலாம். பரிபாடல் ஏட்டைப் பெயர்த்தெழுதியவரும் புலவர் யார், இசை வகுத்தவர் யார் எனப் பிரித்தே எழுதினார். 'சின்னச் சின்னக் கண்கள்' பாடலின் உரிமைப் பட்டியலில் பாடியோர் என்னுமிடத்தில் பவதாரிணியின் பெயர் உள்ளது.