ஹெப்டன்ஸ்டால்: தறியால் வாழ்ந்த மலைச் சிற்றூர்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், ஹெப்டன் பிரிட்ஜ் நகருக்கு மேலே செங்குத்தான மலைமீது அமைந்துள்ள சிற்றூர் ஹெப்டன்ஸ்டால். பயிருக்கு அவ்வளவாக ஏற்காத மண். அதனால் மக்கள் செம்மறியாடு வளர்த்து, வீட்டிலேயே கம்பளி நூற்று, கைத்தறியில் நெய்து பிழைத்தனர். தறிக்கு வெளிச்சம் வேண்டி, கல் வீடுகளின் மாடியில் வரிசையாகச் சன்னல்கள் வைத்தனர். 1643-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் இங்கும் சண்டை நடந்தது.

தொழிற்புரட்சி வந்ததும் ஆற்று நீரால் இயங்கும் ஆலைகள் பள்ளத்தாக்கில் எழுந்தன. வேலை கீழே இறங்கியது, மக்களும் இறங்கினர். ஹெப்டன் பிரிட்ஜ் நகரமாக வளர்ந்தது.

மேலே பழைய ஊர் பெரிதும் அப்படியே தங்கிவிட்டது. 1764-இல் கட்டிய எண்கோண மெதடிஸ்ட் ஆலயம் இன்றும் உள்ளது. 1847 புயலில் சேதமடைந்த பழைய தேவாலயம் கூரையின்றி நிற்கிறது; அருகிலேயே புதியது எழுந்தது. 1963-இல் மறைந்த கவிஞர் சில்வியா பிளாத்தின் கல்லறையும் இவ்வூரில்தான் இருக்கிறது.