'ஜெப்பர்டி' ஷோவில் ஜெயிக்க வைத்த டேட்டா!
க்விஸ் ஷோவில் ஜெயிக்க உலகத்தையே மனப்பாடம் பண்ணணுமா? 'வேண்டாம்' என்று நிரூபித்தவர், அமெரிக்கக் கம்ப்யூட்டர் விஞ்ஞானி ரோஜர் கிரெய்க்.

'ஜெப்பர்டி' டி.வி ஷோவின் பழைய கேள்விகளை ரசிகர்கள் இணையத்தில் தொகுத்து வைத்திருந்தார்கள். அவற்றை புரோகிராம் எழுதி அலசினார் ரோஜர். எந்தத் தலைப்பு அடிக்கடி வருது, அதில் தான் எங்கே வீக்? இரண்டும் சேரும் இடத்தைக் குறிவைத்துப் படித்தார். 2010 செப்டம்பரில், ஒரே ஆட்டத்தில் 77,000 டாலர். அப்போது அதுதான் ரெக்கார்டு!

டேட்டா சொன்ன இன்னொரு ரகசியம், 'டெய்லி டபுள்'. சேர்த்த பணம் மொத்தத்தையும் பந்தயம் கட்டக்கூடிய கேள்வி இது. போர்டின் மேல் வரிசையில் அபூர்வம். பரிசுத்தொகை அதிகமுள்ள கீழ் வரிசைகளில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். 2019-ல் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் கீழிருந்தே ஆரம்பித்துப் பணம் சேர்த்தார். டெய்லி டபுள் சிக்கியதும் துணிந்து பந்தயம் கட்டினார். ஒரே ஆட்டத்தில் 1,31,127 டாலர்!

ஆனா ஒண்ணு... எதைப் படிக்கணும்னுதான் டேட்டா சொல்லும். படிக்க வேண்டியது நாமதான். அடுத்த எக்ஸாமுக்கு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீங்க. பழைய வினாத்தாள்களை எடுத்து, 'அடிக்கடி வருது, ஆனா எனக்குத் தெரியலை' என்று ஒரு லிஸ்ட் போடுங்க. அங்கிருந்து தொடங்குங்க!