கல்லடிப் பாலத்தின் கீழே ஓடும் நீர்

மட்டக்களப்புக்குப் புதிதாக வருகின்றவர்கள் எல்லோரும் தவறாமற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மீன் பாடுமாமே, உண்மையா?" என்பதுதான் அது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்விக்கு நான் நூறு தடவையாவது பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பாட்டு எழுகின்ற நீரைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் மிகச் சிலரே. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அதன் குணம் என்ன என்பதெல்லாம் பாடும் மீனின் புகழுக்குள் மறைந்து போயின. இந்தப் பதிவு அந்த நீரைப் பற்றியது.

புத்தகங்களில் அதற்கு மட்டக்களப்பு வாவி என்று பெயர். ஊரிலோ அது 'ஆறு'தான். ஆற்றங்கரை, ஆற்று மீன், ஆற்றுவாய் என்றுதான் எங்கள் மக்கள் பேசுவார்கள். உண்மையில் அது ஆறும் அன்று, கடலும் அன்று. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, கடலோடு சமாந்தரமாகச் சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு அது. மேற்கிலிருந்து முந்தனை ஆறு, நவகிரி ஆறு முதலிய ஆறுகளும் குளங்களின் மிகைநீரும் வயல்களின் வடிநீரும் அதில் வந்து சேர்கின்றன. கடலுக்குப் போகும் வழியோ மிகக் குறுகியது. கல்லடிக்கு வடக்கே, நாவலடிக்கும் பாலமீன்மடுவுக்கும் இடையிலுள்ள முகத்துவாரம் ஒன்று. தெற்கே கல்லாற்றுப் பக்கத்தில் மற்றொன்று.

இந்த நீரின் குணம் முழுவதும் அதன் வாயில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

கோடை மாதங்களில் வாவிக்கு வரும் நன்னீர் குறைந்துவிடும். உள்ளிருந்து தள்ளும் வேகம் இல்லாதபோது, கடலலை மணலைக் கொண்டுவந்து வாயிற் குவிக்கும். மணல்மேடு உயர்ந்து வாய் அடைபடும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களிலேயே பெய்துவிடுவதால், வாவி ஏறி வயல்களுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் புகும். அப்போது ஆற்றுவாயை வெட்டிவிட வேண்டும். முன்னர் மண்வெட்டியால் வெட்டினார்கள். இன்று அதற்கு இயந்திரம் வருகிறது. சிறு வாய்க்காலாக வெட்டிவிட்டாற் போதும். நீரே மணலை அரித்துத் தன் வழியை அகலமாக்கிக்கொள்ளும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் வழக்கு. கதிர் நீரில் மூழ்கிக் கிடக்கும் விவசாயிக்கு இன்றே வெட்ட வேண்டும். மீனவருக்கோ, காலம் தவறி வெட்டினால் வாவியின் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்ற கவலை. அதே வாய் திறந்தால்தான் கடலிலிருந்து குஞ்சுகள் உள்ளே வரும் என்பதும் அவருக்குத் தெரியும். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2011 தைமாத வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இந்த வழக்கு எவ்வளவு பாரதூரமானது என்பது நினைவிருக்கும்.

இந்த வாய் எங்கள் வரலாற்றையும் வகுத்தது. 1602இல் ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டி மன்னனைக் காணச் சென்றார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர்; 1638இல் கண்டி மன்னனின் துணையோடு ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவு கோட்டைக்கு நல்ல இடம். ஆயினும் மணல் அடைக்கும் வாயினூடாகப் பெருங்கப்பல் உள்ளே வர இயலாது. திருகோணமலை பெருந்துறைமுகமாக, மட்டக்களப்பு தோணிகளின் ஊராகவே நின்றதற்கு இது முக்கிய காரணம்.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் கல்லடி இருக்கிறது. சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. அது படும் பக்கத்துக் கரை படுவான்கரை. இவ்வளவு அழகாகத் தன் நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள், ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகத் தோணியையும், 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையையுமே நெடுங்காலம் நம்பியிருந்தனர். கல்லடியைப் புளியந்தீவு நகரோடு இணைத்த இரும்புப் பாலம் 1924இல் வந்தது. அப்போதைய ஆளுநர் சேர் வில்லியம் மனிங்கின் மனைவியார் பெயரால் அது லேடி மனிங் பாலம் எனப்பட்டது. அதன் அருகே ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. படுவான்கரைக்குச் செல்லும் மண்முனைத்துறைக்கோ 2014 வரை பாலம் இல்லை.

அந்தத் தாமதத்துக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. ஒரு கரையில் இராணுவம், மறுகரையில் விடுதலைப் புலிகள் என்று வாவியே எல்லைக்கோடாக இருந்த காலம் 2007 வரை நீடித்தது. அரிசிக்கும் மருந்துக்கும் கடதாசி காட்டி மக்கள் துறை கடந்தனர். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையிலிருந்த முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது வரலாறாகாது. இரண்டும் ஒரே நீரின் கரைகளில் நடந்தவை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் தன் முறைக்கு வந்தது. நாவலடியில் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. ஓடுவதற்கு நிலமில்லை. அலை மனிதர்களையும் வீடுகளையும் அள்ளி வாவிக்குள் எறிந்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் சாய்ந்து நின்றதை அன்று உலகமே படத்திற் பார்த்தது. கடலையும் வாவியையும் பிரிப்பது எவ்வளவு மெல்லிய மணல் என்பதை அன்றுதான் பலரும் உணர்ந்தோம்.

இனிப் பாட்டுக்கு வருவோம். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1848இல் இங்கு வந்து, இரவில் தோணியிற் சென்று அந்த ஒலியைக் கேட்டார். 1859இல் வெளியான தம் நூலில் அதனைப் பதிவும் செய்தார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்துக்கு அதை அவர் ஒப்பிட்டார். அது மீனின் குரலன்று, ஊரி போன்ற சிப்பியினத்தின் ஒலியாகலாம் என்பது அவர் எண்ணம். காரைதீவிற் பிறந்து, 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய சுவாமி விபுலாநந்தருக்கு அதே ஒலி நீரரமகளிரின் இசையாயிற்று. 1947இல் அரங்கேறிய 'யாழ் நூ'லின் தொடக்கத்தில் அவர்களுக்கு இடமளித்தார். அதே ஆண்டு மறைந்த அவர், இந்த நீருக்கு அருகே, தாம் தொடங்கிய அந்தக் கல்விக்கூடத்தின் வளவிலேயே துயில்கிறார்.

சிறுவனாக இருந்தபோது ஒரு நிலாக்கால இரவில் தோணிக்காரர் ஒருவர் என்னைப் பாலத்துக்கு அருகே கூட்டிச் சென்றார். துடுப்பை நீரில் இறக்கி, "மனே, பிடியில காதை வச்சுக் கேளு, கதைக்காத" என்றார். கேட்டது. பாட்டு என்று சொல்வதற்கில்லை; ஆனால் தெளிவான பல சிறு நாதங்கள். போர்க்காலத்தில் இரவுத் தோணிகள் மறிக்கப்பட்டபோது அந்த வழக்கமே அற்றுப் போயிற்று. இப்போது இரவில் தோணி போகலாம். ஆனால் பாலத்தில் வாகன இரைச்சல் ஓய்வதில்லை. கரையோரக் கண்டல்கள் வெட்டுண்டு போகின்றன; குப்பைகொட்டி நிரவப்பட்ட கரைகளும் உண்டு.

பாடும் மீனின் உருவம் எங்கள் ஊரின் அடையாளமாகப் பல இடங்களில் வரையப்பட்டிருக்கிறது. அடையாளத்தைச் சுவரில் வைத்துவிட்டு நீரை மறந்தால் என்ன பயன்? மேற்கிலிருந்து வரும் நன்னீரும் கிழக்கிலிருந்து வரும் உப்புநீரும் இந்த வாவியில் ஒன்றையொன்று விழுங்காமற் கலக்கின்றன. அந்தக் கலப்பினாற்றான் அதில் உயிர் இருக்கிறது. வாய் அடைபட்டால் அது நாறும். இரு கரைகளிலும் வாழும் எங்களுக்கு அந்த நீர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதையேதான்.