உடையார்குடிக் கல்லும் கல்கியும் மணிரத்னமும்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் ஒரு பீரியடு உட்கார்ந்ததாக நினைத்துக்கொண்டு படியுங்கள்.

பொன்னியின் செல்வன் படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-இல் வந்தது, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-இல் வந்தது. இவ்வளவு நாளாகியும் நம்மவர்கள் சண்டை ஓயவில்லை. டி.வி.யில் எப்போது போட்டாலும் மறுபடி ஆரம்பமாகிவிடுகிறது. என் வயதுக்காரர்கள், "கல்கியைக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள், "அஞ்சு பாகத்தை யார் டீச்சர் படிப்பது? படம் வந்த பிறகுதான் புத்தகத்தையே வாங்கினேன்" என்கிறார்கள். இன்னும் சிலர், "பழுவேட்டரையர் இரண்டு பேரா, ஒருவரா என்பதே எனக்குக் குழப்பம்" என்று சிரிக்கிறார்கள். மூன்று கட்சியினரும் என்னிடம் வந்து, "டீச்சர், நீங்கள் சொல்லுங்கள்" என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கோபக்காரர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

நாவல் தொடங்குவது நம் வீராணம் ஏரிக்கரையில். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது நம் ஊர்க் கதை என்ற பெருமை உண்டு. படமோ இராட்டிரகூடர்களோடு நடக்கும் ஒரு போரில் ஆரம்பிக்கிறது. படப்பிடிப்பும் தாய்லாந்து, ஐதராபாத், ஓர்ச்சா என்று வெளியூர்களில்தான் பெரும்பாலும் நடந்தது. இரண்டாம் பாகத்தின் கடைசியிலும் நாவலில் இல்லாத ஒரு பெரிய போர் வருகிறது. கடம்பூர் மாளிகையின் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. நாவலின் கடைசிப் பக்கங்களில் அவளுக்காக அழாதவர்கள் யார்? சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற பெரிய திருப்பத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் பூங்குழலி பட்டத்து ராணியாவதும் போயிற்று. 'தியாகச் சிகரம்' என்று ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி பெயர் வைத்ததன் அழுத்தம் இதில் குறைந்துபோனது என்று பலர் வருந்தினார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை ஆண்டுக்கு மேல் வாராவாரம் வந்த கதை இது. அதை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். 1958-இலேயே படமாக்கும் உரிமையை வாங்கினார், எடுக்க முடியவில்லை. கமல்ஹாசனும் ஆசைப்பட்டார், நடக்கவில்லை. 1999-இல் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் நாடகமாகப் போட்டார்கள். அதை நாடகமாக்கிய குமரவேல்தான், மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் சேர்ந்து படத்தின் திரைக்கதையையும் எழுதினார். இத்தனை பேர் தயங்கி நின்ற கதவை ஒருவர் திறந்தார். படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அதைக் குறைத்துப் பேச ஒரு வாத்தியாரம்மாவால் முடியாது.

"என் மனசில் இருந்த குந்தவை இப்படி இல்லை" என்று சொல்கிறோமே, அந்த மனசில் இருந்த குந்தவை யார் வரைந்தது? கல்கி எழுத்தில் தந்தார். முகமும் கொண்டையும் நகையும் கொடுத்தவர் ஓவியர் மணியம். அந்தக் காலத்தில் வீடுகளில் தொடர்கதையைக் கிழித்து, சேர்த்து, பைண்டு செய்து வைப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூடப் படத்தைப் பார்த்து, "இவள்தான் நந்தினி" என்று விரல் வைப்பார்கள். பிள்ளைகள் காமிக்ஸ் படிப்பதுபோல, பெரியவர்கள் அந்தப் படங்களைப் படித்தார்கள். பின்னாளில் வினுவும் பத்மவாசனும் அதே கதைக்கு வேறு விதமாக வரைந்தார்கள். ஆக, ஒரே நந்தினிக்குத் தலைமுறைக்கு ஒரு முகம். ஐஸ்வர்யா ராய் அந்த வரிசையில் வந்த இன்னொரு முகம்.

வெளிநாட்டிலும் இதுதான் கதை. ஷெர்லாக் ஹோம்ஸ் என்றால் காதை மூடும் அந்தத் தொப்பி நினைவுக்கு வருகிறதல்லவா? அதைப் பிரபலமாக்கியது கதை எழுதிய கோனன் டாயில் அல்ல, பத்திரிகையில் படம் போட்ட சிட்னி பேஜெட். இன்று அந்தத் தொப்பி இல்லாமல் யாராவது நடித்தால், "இது ஹோம்ஸா?" என்று கேட்கிறார்கள். ஓவியர் சேர்த்ததையே மூலம் என்று நினைத்துக்கொள்வது நம் ஊருக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை.

இன்னொன்று. வாசகர் மனக்குறை என்பது மணிரத்னம் வந்து தொடங்கியதல்ல. 1954-இல் கதை முடிந்தபோதே, "இப்படிச் சட்டென்று முடித்துவிட்டீர்களே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்" என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் புத்தகத்தின் கடைசியில் அது இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். "மூலத்தை மாற்றிவிட்டார்கள்" என்று கல்கிக்காகச் சண்டை போடுகிறோம். கல்கிக்கும் ஒரு மூலம் உண்டு. அது நம் பக்கத்திலேயே இருக்கிறது.

காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் தெரியும்தானே? நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். அந்தக் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. காலம் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அவன் அரியணை ஏறியது கி.பி. 985 என்பதால், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். அப்போது இந்த ஊரின் பெயர் வீரநாராயண சதுர்வேதிமங்கலம். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர். வீராணம் என்ற ஏரியின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

அரசன் இந்த ஊர்ச் சபைக்கு ஓர் ஆணை அனுப்புகிறான். பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளைக் கைப்பற்றி விற்க வேண்டும் என்பது சாரம். பெயர்களும் இருக்கின்றன. சோமன், அவன் தம்பி இரவிதாசன், அவன் தம்பி பரமேசுவரன் என மூவரும் உடன்பிறந்தவர்கள். இரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராசன்' என்றும், பரமேசுவரனுக்கு 'இருமுடிச்சோழ பிரமாதிராசன்' என்றும் பட்டங்கள். பிரமாதிராசன் என்பது அரசாங்கத்தில் உயர்ந்த இடத்தில் இருந்த அந்தண அதிகாரிகளுக்கு அரசர் கொடுக்கும் பட்டம்.

நாவலில் இரவிதாசன் யார்? மந்திரவாதி. ஆந்தை போலக் குரல் கொடுத்துக்கொண்டு காட்டில் சுற்றுகிறவன், பாண்டியனின் ஆபத்துதவி. படத்திலும் ஏறக்குறைய அப்படியேதான். கல்வெட்டில் இருப்பவனோ அரசாங்கப் பட்டம் பெற்ற பெரிய மனிதன். அரண்மனைக்கு வேண்டியவர்களே இளவரசனைக் கொன்றார்கள் என்று கல் சொல்கிறது. காட்டு மந்திரவாதிகள் கொன்றார்கள் என்று கதை சொல்கிறது. இது மணிமேகலையை எடுத்ததைவிடப் பெரிய மாற்றம் இல்லையா, நீங்களே சொல்லுங்கள்!

கல்கி பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் நாவல் எழுதினார். நந்தினி, பூங்குழலி, சேந்தன் அமுதன், ஆழ்வார்க்கடியான் எல்லாரும் அவர் படைத்தவர்கள். வந்தியத்தேவன் உண்மையில் இருந்தவர். குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவர் பெயரைச் சொல்கிறது. ஆனால் அந்தக் குறும்பும் குதிரைச் சவாரியும் கல்கி கொடுத்தவை. அநிருத்தப் பிரமராயரை அன்பில் செப்பேட்டில் காணலாம். அருள்மொழி தன் சிறிய தந்தைக்காக அரியணையை விட்டுக்கொடுத்த செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. அந்த ஒரு செய்தியிலிருந்துதான் கல்கி 'தியாகச் சிகரம்' என்று ஒரு பாகமே கட்டினார். கல்லிலும் செப்பேட்டிலும் கிடைத்த துணுக்குகளை எடுத்து, வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை விட்டு ஒரு கதை செய்தார். மணிரத்னம் கல்கிக்குச் செய்ததும் அதேதான். ஒருவருக்குக் கைதட்டி, மற்றவரைத் துரோகி என்று சொல்ல முடியாது.

ஆனால் இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. நாவல் ரசிகரும் பட ரசிகரும் போடும் சண்டையில் மூன்றாமவர்கள் காணாமல் போகிறார்கள். அவர்கள் கல்லில் இருப்பவர்கள்.

அந்த ஆணையை முழுக்கப் படித்தால் மனசு கனக்கும். கொன்றவர்களின் சொத்து மட்டும் போகவில்லை. அவர்கள் தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார், தகப்பன் வழி உறவு, தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலம் வைக்க எந்தெந்த உறவையெல்லாம் அழைப்போமோ, அத்தனை உறவும் அதில் இருக்கிறது. சம்பந்தம் செய்துகொண்ட ஒரே காரணத்துக்காக நிலமும் வீடும் இழந்தவர்கள் நம் ஊர்ப்பக்கத்தில் வாழ்ந்தார்கள். அப்படிப் பறிபோன நிலத்தைப் பொன் கொடுத்து வாங்கி, கோயிலில் அந்தணருக்கு உணவிடும் அறக்கட்டளையாக எழுதிவைத்தார்கள். அதனால்தான் செய்தி கல்லில் ஏறி நமக்குக் கிடைத்தது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் எங்கே போனார்கள், குழந்தைகள் என்ன ஆனார்கள்? ஐந்து பாகத்திலும் இவர்கள் இல்லை. ஐந்தரை மணி நேரப் படத்திலும் இல்லை.

கொலைக்குப் பின்னால் யார் என்பதில் அறிஞர்களும் ஒத்துப்போகவில்லை. கொலை நடந்தது உத்தம சோழன் ஆட்சிக்கு வருமுன். இந்த ஆணையோ அவன் காலம் முடிந்த பிறகு வருகிறது. அவ்வளவு ஆண்டுகள் நடவடிக்கை இல்லாமல் இருந்தது ஏன் என்று கேட்டு, நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பிற்கால ஆய்வாளர்கள் இன்னொரு கேள்வி எழுப்பினார்கள். இந்தக் கல்வெட்டு நிலம் கைமாறியதைச் சொல்லும் ஆவணம். தண்டனை அந்த ஆண்டில்தான் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது என்று அதை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்டார்கள். ஒரே கல்லைப் படித்துவிட்டு எதிரெதிராக வாதம் செய்தார்கள். ஆனால் இருவரும் கல்லில் இருப்பதைக் காட்டித்தான் பேசினார்கள். நம் வீட்டுச் சண்டைக்கும் அந்த வாதத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

படம் வந்த சமயத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என்னிடம், "நந்தினிதான் ஆதித்த கரிகாலனைக் கொன்றாள் என்று சரித்திரத்தில் இருக்கிறது பாட்டி" என்றது. "எந்தச் சரித்திரத்தில்?" என்றேன். "பொன்னியின் செல்வனில்" என்றது. கல்கியேகூட யார் கை செய்தது என்பதை மர்மமாகத்தான் வைத்தார். சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் இன்று கதையைச் சரித்திரம் என்று நம்பும் பிள்ளை, நாளை யாரோ ஒரு சாதியின் பேரில், ஒரு மதத்தின் பேரில் கட்டிவிடும் கதையையும் சரித்திரம் என்று நம்பும். சோழர் எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று படம் வந்தபோது கிளம்பிய சச்சரவுகளை நீங்களும் பார்த்தீர்கள். கதை எது, ஆதாரம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஆகவே என் தீர்ப்பைக் கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். படம் பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். பிடிக்கவில்லையென்றால், நாவலில் இது இப்படி இருந்தது, படத்தில் அது குறைந்தது என்று பக்கத்தைக் காட்டிச் சொல்லுங்கள். படிக்காத பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். முதல் பாகத்தை வாங்கி அதன் கையில் கொடுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டதால் மலிவு விலையிலேயே கிடைக்கிறது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வீட்டுப்பாடம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீராணம் கரையில் ஒரு நடை போங்கள். பிறகு உடையார்குடி கோயிலுக்குப் போங்கள். அப்படியே மேலக்கடம்பூருக்கும் போய், தேர் வடிவத்தில் இருக்கும் அந்தக் கோயிலைப் பாருங்கள். கல்வெட்டின் எழுத்து உங்களுக்குப் புரியாது, பரவாயில்லை. சுவரில் எண்ணெய் தடவாமல், விபூதி பூசாமல், பெயர் கிறுக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே நின்று, "இரவிதாசன் என்ற பெயர் இங்கேதான் வெட்டியிருக்கிறது" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

போய் வந்தவர்கள் கீழே எழுதுங்கள். மணிமேகலை கட்சிக்காரர்களும் எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
குமராட்சி.